இழுவை லாரிக்கு டயர் வாங்குமுன் டிரைவரைக் கேளுங்கள்

சென்ற பங்குனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோவையில் உறவினர் வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டுப் பாலக்காட்டுக்குப் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். வாளையாறு தாண்டிக் கஞ்சிக்கோடு வருவதற்குள் பஸ் நின்றுவிட்டது. முன்னால் பதினெட்டுச் சக்கர டிரெய்லர் ஒன்று பாதிச் சாலையை அடைத்துக்கொண்டு நின்றது. சேலத்திலிருந்து கொச்சிக்கு இரும்புச் சுருள் ஏற்றிப் போகிற வண்டி. சாலை நெடுகிலும் முதலைத் தோல் போல டயர்த் துண்டுகள் கிடந்தன.

நான் ரயில்வேயில் சரக்குப் பிரிவு குமாஸ்தா. லாரிக்காரர்களோடு அன்றாடம் பேசிப் பழகியவன். ஆகவே இறங்கிப் போய்ப் பார்த்தேன். டிரெய்லரின் கடைசி அச்சில், இடது பக்கத்து உள் டயர் முதலில் வெடித்திருக்கிறது. டிரைவருக்கு அது தெரியவில்லை. சிறிது தூரத்துக்குள் பக்கத்திலிருந்த வெளி டயரும் போய்விட்டது. எதிரே வந்த இரு சக்கர வண்டிக்காரர் கையைக் காட்டிய பிறகுதான் இவர் வண்டியை ஓரம் கட்டியிருக்கிறார். சங்ககிரிப் பக்கத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். டிரெய்லர் நிழலில் உட்கார்ந்து முதலாளியோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். பேசி முடித்ததும் என்னைப் பார்த்து, "ரெண்டு டயரையும் என் கணக்குல புடிச்சுக்குவாராமுங்க. நான் பார்த்து ஓட்டலையாமா" என்றார்.

கிழிந்த டயரின் பக்கவாட்டைத் துடைத்துப் பார்த்தேன். தயாரித்த தேதிக்கான நான்கு எண்கள் 3115 என்றிருந்தன. அதாவது 2015-ஆம் ஆண்டின் 31-வது வாரத்தில் வார்த்த டயர். எத்தனை முறை ரீட்ரெடிங் செய்தார்களோ, மேல் பட்டை முழுதாக உரிந்து வந்திருந்தது. முன்வண்டியின் ஆறு டயர்களோ கறுகறுவென்று புதியவை! இந்த வித்தியாசம்தான் என்னை இதை எழுத வைத்தது.

இந்த எல்லையில் ஓடும் இழுவை லாரிகளில் இது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. நல்ல டயர் இஞ்சின் உள்ள முன்வண்டிக்கு. அங்கே தேய்ந்தது டிரெய்லருக்கு. "அது சும்மா உருளுகிற சக்கரம்தானே, அதற்குப் புது டயர் எதற்கு?" என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்வியே தவறு என்பது என் அபிப்பிராயம்.

ரயில்வேயில் இப்படி ஒருவர் பேசினால் சிரிப்பார்கள். இஞ்சினுக்கு நல்ல சக்கரம், பின்னால் வரும் வாகனுக்குத் தேய்ந்த சக்கரம் என்று எந்தப் பணிமனையும் ஏற்பாடு செய்வதில்லை. சரக்கு ரயிலில் ஒரு வாகனின் ஓர் அச்சு சூடேறினாலும் அந்த வாகனை வெட்டி ஒதுக்கிவிட்டுத்தான் வண்டி புறப்படும். வண்டி நிலையத்துக்குள் நுழையும்போதே இருபுறமும் ஆள் நின்று சக்கரத்தைக் கவனிக்கிறார்கள். சூடு பார்க்க இப்போது கருவியும் வந்துவிட்டது. கடைசி வாகன் தடம் புரண்டால் ரயிலே தடம் புரண்டதாகத்தான் அர்த்தம். சாலையில் மட்டும் இந்த நியாயம் எப்படி மாறிப்போகும்?

டிரெய்லர்ச் சக்கரம் 'சும்மா' உருளுவதில்லை. டிரெய்லரின் பின்னால் மூன்று அச்சுகள் ஒன்றுக்கொன்று இணையாக, திரும்பாமல் பூட்டப்பட்டிருக்கின்றன. வண்டி வளைவில் திரும்பும்போது நடு அச்சு மட்டும் ஓரளவு ஒழுங்காக உருளும். முன் அச்சும் பின் அச்சும் பக்கவாட்டில் இழுபட்டுத் தேயும். பெட்ரோல் பங்கில் டிரெய்லர் வட்டமடித்துத் திரும்பும்போது டயர் கோணிக்கொண்டு மடங்குவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஒட்டிய பட்டை பிரிவதும், பழைய டயரின் பக்கவாட்டில் வெடிப்பு விழுவதும் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கின்றன. சாதாரண லாரியில் டயர் போனால் டிரைவருக்கு ஸ்டீயரிங்கிலேயே தெரிந்துவிடும். டிரெய்லரில் சக்கரம் அவருக்கு முப்பது, நாற்பது அடி பின்னால் இருக்கிறது. அவர் என்ன, முதுகில் கண் வைத்துக்கொண்டா ஓட்டுவார்?

இனி கணக்குக்கு வருவோம். 2018 ஜூலையில் மத்திய அரசு லாரிகளின் அச்சு எடை வரம்பை உயர்த்தியது. இரண்டு டயர் உள்ள முன் அச்சுக்கு 6 டன்னாக இருந்தது 7 டன் ஆயிற்று. நான்கு டயர் உள்ள பின் அச்சுக்கு 10.2 டன் 11.5 ஆயிற்று. டிரெய்லரின் மூன்று அச்சுகளுக்கும் சேர்த்து 24 டன் 27 ஆயிற்று. பதினெட்டுச் சக்கர வண்டிக்கு மொத்தத்தில் 40.2 டன் என்பது 45.5 டன் ஆகிவிட்டது. இதை வரவேற்று அன்று பலர் பேசினார்கள். டயர் அதே டயர்தானா என்று கேட்டவர்கள் குறைவு.

10.00 ஆர் 20 என்ற அளவில் 16 பிளை ரேடியல் டயரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பக்கவாட்டில் 146/143 என்று அச்சிட்டிருக்கும். தனி டயராக ஓடினால் 3000 கிலோ, இரட்டையாக ஓடினால் ஒவ்வொன்றும் 2725 கிலோ தாங்கும் என்பது அதன் பொருள். பழைய வரம்பான 10.2 டன்னை நான்கால் வகுத்தால் 2550 கிலோ. டயருக்குக் கொஞ்சம் மூச்சு விட இடம் இருந்தது. புதிய வரம்பான 11.5 டன்னை நான்கால் வகுத்தால் 2875 கிலோ வருகிறது. அதாவது சட்டப்படி பாரம் ஏற்றினாலே அந்த டயர் 150 கிலோ கூடுதலாகச் சுமக்கிறது! முன் அச்சிலும் இதே கதைதான். 7 டன்னில் பாதி 3500 கிலோ. டயர் தாங்குவதோ 3000. அதே அளவில் 149/146 என்று போட்ட 18 பிளை டயர் இரட்டையாக 3000 கிலோ தாங்கும். பின் அச்சுக்கு அது போதும், முன் அச்சின் முழு வரம்புக்குப் போதாது. 295/80 ஆர் 22.5 அளவில் 152/148 என்று போட்ட டியூப் இல்லாத டயர் தனியாக 3550 கிலோவும் இரட்டையாக 3150 கிலோவும் தாங்கும் என்பதால் இரண்டு இடத்துக்கும் சரிவரும்.

இதைச் சொன்னால், "டிரெய்லரில் ஒரு டயருக்கு 2250 கிலோதானே வருகிறது, பழைய டயரே தாங்குமே" என்று முதலாளிமார்கள் மடக்குவார்கள். 27 டன்னைப் பன்னிரண்டால் வகுத்தால் அப்படித்தான் வரும். காகிதத்தில் சரி. ஆனால் ஜோடியில் ஒன்று போய்விட்டால் மற்றொன்றின் தலையில் விழுவது ஏறத்தாழ 4500 கிலோ. 3000 கிலோவுக்குச் செய்த டயர் அதை எத்தனை நேரம் சுமக்கும்? கஞ்சிக்கோட்டில் வெளி டயர் ஏன் போயிற்று என்பதற்கு வேறு விசாரணை வேண்டியதில்லை. உள் டயரில் காற்று குறைந்திருந்தாலே போதும், வெடிக்க வேண்டும் என்பதில்லை. சுமை வெளி டயருக்கு மாறிவிடும். ஒன்று புதிது, ஒன்று தேய்ந்தது என்று ஜோடி சேர்த்தாலும் அதே கதிதான். உயரமான டயர் பாரத்தைத் தாங்கும். குட்டையானது சாலையில் உரசிக்கொண்டே வரும்.

உறுதியான டயர் எது என்று கம்பெனிப் பெயரைச் சொல்லிக் கேட்கும் நண்பர்களுக்கு என் பதில், பெயரைப் பிறகு பாருங்கள் என்பதே. வண்டி எந்தச் சாலையில் ஓடுகிறது, அந்த டயர் எந்த அச்சில் மாட்டப்படுகிறது என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. இழுக்கும் அச்சுக்குப் பெரிய பட்டன் வைத்த டயர் வேண்டும், பிடிப்புக்காக. டிரெய்லர் இழுபடுகிற வண்டி. அதற்கு நீளவாக்கில் கோடு போட்ட டயர்தான் பொருத்தம். முன்வண்டியில் தேய்ந்த பட்டன் டயரைக் கழற்றி டிரெய்லரில் மாட்டினால் அது தாறுமாறாகத் தேயும், சூடும் அதிகம். முன் சக்கரத்துக்குக் கோடு போட்ட புது டயர் என்பதில் தகராறு கிடையாது. அதில் எல்லா முதலாளிகளும் ஒழுங்காகவே இருக்கிறார்கள்.

ரேடியலா, நைலானா? சேலம், கோவை, பாலக்காடு, திருச்சூர் என்று நான்கு வழிச் சாலையிலேயே ஓடும் வண்டிக்கு ரேடியல்தான் என்பேன். சூடு குறைவு, டீசல் மிச்சம், தேய்மானமும் மெதுவாக. குதிரான் மலையில் 2021-லும் 2022-லும் சுரங்கப் பாதைகள் திறந்த பிறகு இந்தத் தடத்தில் பெரிய ஏற்றம் என்ற பேச்சே போய்விட்டது. ஆனால் கல் குவாரிக்குள் போகும் வண்டிக்கு ரேடியலின் பக்கவாட்டு மெல்லியது. கூர்மையான கல் கிழித்துவிடும். அங்கே நைலான் டயர் அடி தாங்கும். ஒரே அச்சில் ஒரு பக்கம் ரேடியலும் ஒரு பக்கம் நைலானும் மாட்டி ஓட்டுகிற புண்ணியவான்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை.

இடுக்கிப் பக்கத்துக் கதை வேறு. அந்த மாவட்டத்தில் ரயில் பாதையே கிடையாது. போடிநாயக்கனூருக்கு 2023 ஜூனில் மறுபடி ரயில் வந்தது. அதற்கு மேல் மலை. அரிசி, சிமெண்ட், காய்கறி எல்லாம் லாரிச் சக்கரத்தின் மேல்தான் ஏற வேண்டும். நீள டிரெய்லர் போடிமெட்டு வளைவுகளில் ஏறுவது அரிது. ஆனால் பத்துச் சக்கர, பன்னிரண்டு சக்கர லாரிகள் லோயர்கேம்ப்பிலிருந்து குமுளிக்கும், கம்பத்திலிருந்து கம்பம்மெட்டுக்கும் ஓயாமல் ஏறி இறங்குகின்றன. என் தங்கை வீட்டுக்காரர் கம்பத்திலிருந்து கட்டப்பனைக்கு சிமெண்ட் ஓட்டுகிறார். அவர் ஒருநாள் என்னிடம், "ஏத்தத்துல டயர் தேயும் மச்சான், எறக்கத்துல டயர் வேகும்" என்றார். இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் பழுக்கிறது. அந்தச் சூடு ரிம்முக்கு ஏறி, டயர் ரிம்மைக் கவ்வுகிற விளிம்பை வேகவைத்துவிடும். மேலே பட்டன் புதிதாக இருக்கும், விளிம்பு கருகியிருக்கும். இப்படிக் கருகிய டயரை ரீட்ரெடிங்குக்கு அனுப்பினால் நல்ல கடைக்காரர் திருப்பி அனுப்பிவிடுவார். அனுப்பாதவர் கடைக்குப் போகாதீர்கள். கீழ் கியரில் இறங்குவதும் டயரைக் காப்பாற்றும் வழிதான் என்பதை நம் முதலாளிகள் எத்தனை பேர் ஒப்புக்கொள்வார்கள்? "நேரமாச்சு, சீக்கிரம் வா" என்று போன் போடுகிறவர்களும் அவர்களேயல்லவா!

ரீட்ரெடிங்கையே நான் குறை சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். கோவையில் அந்தத் தொழிலை நம்பி எத்தனையோ குடும்பங்கள் இருக்கின்றன. உடம்பு நன்றாக இருக்கிற டயருக்கு ஒழுங்கான கடையில் ஒருமுறை புதுப் பட்டை போட்டு டிரெய்லரில் ஓட்டுவதில் தவறில்லை. உள்ளே நூல் பிரிந்திருக்கிறதா, கம்பி துருப்பிடித்திருக்கிறதா, பக்கவாட்டில் வெடிப்பு உண்டா, வயது என்ன என்று பார்த்துவிட்டுப் போட வேண்டும். ஒன்பது, பத்து வருஷ டயருக்குப் பட்டை போடுவது கிழவனுக்குத் தலைமுடிக்கு மை தீட்டுவது போல. அதை முன் சக்கரத்தில் போடுவதை மட்டும் எந்தக் காரணம் சொன்னாலும் நான் ஒப்பமாட்டேன்.

இங்கே பஞ்சர் கடையில் வேலை செய்யும் நம் பையன்களுக்கும் ஒரு வார்த்தை. டியூப் டயரின் ரிம்மில் பூட்டு வளையம் சரியாக உட்காராமல் காற்று ஏற்றினால் அது துப்பாக்கிக் குண்டு போல் பறந்து வரும். எதிரில் நிற்காதீர்கள். கூண்டுக்குள் வைத்துக் காற்று ஏற்றுங்கள். கூண்டு இல்லாத கடையில் முதலாளியைக் கேட்டு வாங்குங்கள். டியூப் இல்லாத டயருக்கு ரிம் ஒரே துண்டு என்பதால் இந்த ஆபத்து இல்லை; ஆணி ஏறினாலும் காற்று மெதுவாகத்தான் இறங்கும். விலை கூடுதல் என்று தயங்குபவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

காற்று விஷயத்தில் டிரைவர்கள் பேரிலும் குற்றம் உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை. கம்பியால் டயரைத் தட்டி, சத்தத்தை வைத்துக் காற்று சரி என்று சொல்லிவிடுகிறார்கள். அடியோடு இறங்கிய டயரை அப்படிக் கண்டுபிடிக்கலாம். கால் பங்கு குறைந்ததைக் காது கண்டுபிடிக்காது. அந்தக் கால் பங்குதான் பக்கவாட்டை மடக்கி மடக்கிச் சூடேற்றி, பாலக்காட்டுச் சித்திரை வெயிலில் நாற்பது டிகிரியில் டயரைக் கொல்கிறது. மதியம் பங்கில் நிறுத்தி அளந்து பார்த்து, 'காற்று ஏறிவிட்டது' என்று கொஞ்சம் திறந்து விடுகிறவர்களும் உண்டு. ஓடிய சூட்டில் காற்றழுத்தம் கூடத்தான் செய்யும். அதைத் திறந்துவிட்டால் இரவு குளிர்ந்ததும் டயரில் காற்று போதாது. விடியற்காலையில், வண்டி புறப்படுமுன், அளவு கருவியை வைத்துத்தான் பார்க்க வேண்டும். டிரெய்லரின் உள் டயர்களுக்குக் கை எட்டாது என்பது உண்மை. நீட்டு வால்வு போட்டுக் கொடுத்தால் எட்டும். அதற்குச் சில நூறு ரூபாய் ஆகும். அதைக் கொடுக்காத முதலாளி, உள் டயரில் காற்று பார்க்கவில்லை என்று டிரைவர் மேல் குற்றம் சொல்வது எந்த ஊர் நியாயம்?

வாளையாறு சோதனைச் சாவடியில் முன்பெல்லாம் லாரிகள் மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கிலும் காத்துக் கிடந்தன. வரிச் சோதனைக்காக நின்ற அந்த வரிசையைத் திட்டாத டிரைவர் கிடையாது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபின் அது ஒழிந்தது, நல்லதுதான். ஆனால் அந்தக் காத்திருப்பில் டயராவது ஆறியது. கிளீனர் இறங்கி ஒரு சுற்றுச் சுற்றிக் கையை வைத்துப் பார்த்தார். இப்போது சேலத்தில் எடுத்த வண்டி திருச்சூர் வரை நிற்பதில்லை. பல வண்டிகளில் கிளீனரும் இல்லை.

கேரளத்தில் வாழும் நமக்கு இதில் இன்னொரு வேடிக்கையும் தெரியும். நம் நாட்டு இயற்கை ரப்பரில் பெரும்பங்கு இந்த மாநிலத்தில் விளைகிறது. தொடுபுழையில் பால் எடுக்கிறார்கள், சாலக்குடி பக்கத்துப் பேராம்பிராவில் டயர் செய்கிறார்கள். லாரி டயருக்கு இயற்கை ரப்பர்தான் உயிர், ஏனென்றால் ஓடும்போது அதில் சூடு குறைவாக உண்டாகிறது, எளிதில் கிழியாது. அந்த ரப்பர்ப் பொதியைச் சுமந்து போகிற லாரியின் டயரில் நான் என் கண்ணால் நூலைப் பார்த்திருக்கிறேன். பட்டன் ஆழம் 1.6 மில்லி மீட்டருக்குக் குறையக்கூடாது என்று மோட்டார் வாகன விதி சொல்கிறது. நூல் தெரிகிற டயரில் எதை அளப்பது?

டயருக்கு ஆகும் செலவு எனக்குத் தெரியாததல்ல. ஒரு டயர் இருபதாயிரம் ரூபாய்க்கு மேல், பதினெட்டு டயர் என்றால் ஒரு குடும்பத்தின் வீட்டுக் கடன். ஒரே வண்டி வைத்து, தவணை கட்டிக்கொண்டு, தானே ஓட்டுகிற சங்ககிரி, நாமக்கல் முதலாளிகளின் கஷ்டத்தை நான் அறிவேன். அவர்கள் வெடிக்கிற டயரின் மேல்தான் தாங்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். என் வழக்கு அவர்களோடு அல்ல. பத்து, இருபது வண்டி வைத்துக்கொண்டு, டயரை அலுவலகத்திலிருந்தே வாங்கி, டயர் போனால் டிரைவர் படியில் பிடிப்பவர்களோடுதான். கவனக்குறைவால் நஷ்டம் என்று சொல்லிச் சம்பளத்தில் பிடிக்க வேண்டுமானால், தொழிலாளிக்கு விளக்கம் சொல்ல வாய்ப்புக் கொடுத்த பிறகே பிடிக்க வேண்டும் என்று 1936-ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டமே சொன்னது. பின்னால் வந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பும் அதைக் கைவிடவில்லை. போனில் ஒரு வரி சொல்வது விளக்கம் கேட்பது ஆகாது.

லாரி உரிமையாளர் சங்கங்கள் வண்டிக்கு ஒரு டயர் நோட்டுப் போட்டால் என்ன? எந்த டயர், எந்த வாரத்தில் செய்தது, எந்த அச்சில் மாட்டியது, எத்தனை முறை பட்டை போட்டது என்று எழுதி, மாட்டும்போதே டிரைவர் கையெழுத்து வாங்கட்டும். "இந்த டயர் வேண்டாம்" என்று அவர் எழுதவும் அதில் ஓர் இடம் இருக்கட்டும். ரயில்வேயில் ஒரு வாகன் தகுதியற்றது என்று பரிசோதகர் எழுதிவிட்டால், ஸ்டேஷன் மாஸ்டரானாலும் அதை வண்டியில் கோக்க முடியாது. டிரைவருக்கு அந்த அதிகாரத்தில் கால் பங்காவது கிடைக்க வேண்டும். பிறகு டயர் வெடித்தால் யார் பொறுப்பு என்பதை நோட்டே சொல்லும்.

சென்ற வாரம் ஒலவக்கோட்டில் ஒரு டீக்கடையில் அந்தச் சங்ககிரி டிரைவரை மறுபடி பார்த்தேன். பாதிப் பணத்தைப் பிடித்துவிட்டு, மீதியை முதலாளி விட்டுவிட்டாராம். டிரெய்லருக்கு நான்கு புது டயரும் வந்துவிட்டதாம். எந்த அச்சில் போட்டார்கள் என்று கேட்டேன். அவரை யாரும் கேட்கவில்லை. நடு அச்சில் போட்டிருக்கிறார்கள்.